நான் காணாத உள்ளான்கள்

ஆஸ்பத்திரியில் கமலா அக்கா போய்விட்டார் என்று கீழ்க்கடைக்குத் தொலைபேசி வந்தபோது, அவர் தங்கியிருந்த லொட்ஜின் சமையலறையில் நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். முப்பது பேர் சாப்பிட வேண்டும். அவித்து முடித்துவிட்டுத்தான் அழுதேன். இப்போது அவரது முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்துக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கந்தோரில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரது ஞாயிற்றுக்கிழமைகள் தெரியாது. தை, மாசியில் விடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வெளியே அத்திடிய சதுப்புக்கு பஸ் ஏறுவார். வடக்கே குளிர் தாங்காமல் வந்த உள்ளான் மாதிரிப் பறவைகள் பங்குனியோடு திரும்பிவிடுமாம். ஒருமுறை ஆமி செக்பொயின்டில் அவரது தூரக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். அன்றோடு அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

"உன்ர கண் போதுமடி, பாக்கியம்" என்றார்.

நான் பறவையின் நிறத்தையும் கால் நீளத்தையும் சொல்வேன். அவர் பெயர் சொல்லிக் கொப்பியில் எழுதுவார்.

"உள்ளான் எண்டா எனக்குக் கறிதான் அக்கா தெரியும்."

"வாயை மூடு. கேட்டுதெண்டா அடுத்த வருசம் வராதுகள்."

நான் தயங்கிச் சொன்னால் எழுதமாட்டார். "காணாததை எழுதினா, பிறகு கண்டதையும் நம்பேலாது" என்பார்.

இந்த மாசியில் அவரால் எழும்ப முடியவில்லை. உள்ளான் நிற்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். முதல்நாள்தான் எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. பாதி வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு என்னை மட்டும் வெயிலில் நிற்க வைத்தார்கள். மத்தியானம்தான் விட்டார்கள். அதற்குமேல் போகக் கால் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

"நிக்குதோடி?"

"ஓம் அக்கா. பத்து."

"சந்தோசம்" என்று கொப்பியை எடுத்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சமைக்கப் போய்விட்டேன்.

அவர் கையால் பொய் எழுத வைத்துவிட்டேனே என்பது உள்ளே கிடந்து அரித்தது. உண்மையைச் சொல்லக் கடைசிவரை வாய் வரவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து அலுமாரியைத் துப்புரவாக்கும்போதுதான் கொப்பியைத் திறந்தேன். அந்தத் திகதிக்கு நேரே, நடுங்கிய எழுத்தில் இருந்தது: "உள்ளான் பார்க்கவில்லை. பாக்கியம் பத்திரமாக வந்துவிட்டாள்."

கொப்பியை அவரது தம்பி கேட்டார், கொடுத்துவிட்டேன். அந்த வரியை மட்டும் நான் மனதில் வைத்திருக்கிறேன். இது பங்குனி, இனி அங்கே ஒன்றும் நிற்காது. வருகிற தையில் போவேன். கண்டதை மட்டும்தான் சொல்வேன். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.