நின்றால் ஓடும் நாடி

ஜங்ஷன் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் மெலிந்த ஒரு பெண், உப்புமோர் பாட்டிலை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வயசுப் பொண்ணு, இடம் குடுத்தா கொறஞ்சா போயிடுவே?" என்றார், நின்றிருந்த பெரியவர்.

"நின்னா நெஞ்சு படபடங்குது, கண்ணு இருட்டுதுங்க."

"பார்த்தா நல்லாத்தானே இருக்கே!"

"டாக்டரும் அதேதான் சொன்னாரு, படுக்க வச்சுப் பார்த்துட்டு." சட்டென்று என்னிடம் மணிக்கட்டை நீட்டினாள். "பிடிச்சுப் பாருங்கக்கா."

நாடி நிதானமாக நடந்தது. எழுந்து கம்பியைப் பற்றினாள். காவிரிப் பாலம் முடிவதற்குள் அந்த நாடி என் விரலடியில் தறிகெட்டு ஓடியது, உதடு வெளுத்தது.

"உட்காரும்மா!" பதறினார் பெரியவர்.

உட்கார்ந்து மோரைக் குடித்தாள். "இன்னைக்கு டாக்டரு என்னை நிக்க வச்சுப் பார்க்காம வெளிய வரமாட்டேன்."

சத்திரம் ஸ்டாப்பில் மெல்ல இறங்கிப் போனாள். டாக்டர் பார்த்தாரோ, என்னவோ. காலியான அந்த சீட்டில் பெரியவர் கடைசிவரை உட்காரவில்லை.