இரண்டு வயர்களும் ஒரு மனிதரும்

யுத்தத்தின் கடைசி வருடங்களில், மாத்தளையில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குக் கணினிச் சேமிப்புப் பெட்டி பொருத்தப் போனேன், கொழும்பு நிபுணன் என்ற திமிரோடு. எனக்குத் துணையாகக் கிடைத்தவர் எல்கடுவ தோட்டத்து எலக்ட்ரீசியன். ஒல்லியான மனிதர், காதில் டெஸ்டர். பேசிக்கொண்டே சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார், பிறகு இடுப்பை, பிறகு குனிந்து சொக்ஸை.

பெட்டிக்கு இரண்டு பவர் வயர்கள். ஒன்றை மெயின் லைனிலும் மற்றதை ஜெனரேட்டர் லைனிலும் கொடுத்தால், ஒன்று நின்றாலும் பெட்டி நிற்காது. அரை மணி நேரம் விளக்கினேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், இரண்டையும் ஒரே மல்டி ப்ளக்கில் செருகி, அழகாக டேப்பும் சுற்றியிருந்தார். “மூளை இருக்கா?” என்று கத்திவிட்டு நானே மாற்றினேன்.

மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். உக்குவளைக்கு முன்னால் இராணுவத்தினர் எல்லோரையும் இறக்கினார்கள். அலுவலக வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போக பாஸ் வாங்கியிருந்த அடையாள அட்டையை நான் திரும்ப வாங்க மறந்திருந்தேன். அட்டை இல்லாத தமிழன் என்று என்னைத் தனியாக நிறுத்திவைத்தார்கள். எலக்ட்ரீசியன் பஸ்ஸை விட்டுவிட்டு, சிங்களத்தில் கெஞ்சி, அலுவலகத்துக்குப் போன் போடவைத்து, இரண்டு மணி நேரத்தில் என்னை மீட்டார்.

“ஒன்னு மட்டும் வச்சிக்கிட்டா சுத்துறீங்க, சேர்? எனக்கு அட்டை சட்டையில, போட்டோ கொப்பி இடுப்புல, பொலிஸ்ல பதிஞ்ச துண்டு சொக்ஸுல.”

“இவ்வளவு தெரிஞ்சவரு, ஏங்க ரெண்டு வயரையும் ஒரே ப்ளக்ல சொருகுனீங்க?”

“அது கவர்மென்ட் பெட்டிங்க. போனா வேற பெட்டி அனுப்புவாங்க. நாம போனா?”

என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. அது காலியாகத்தான் இருந்தது.