கார்கோவில் போகும் படுதா

அரபு முதலாளியின் கேரவனில், பக்கவாட்டில் இழுத்து விரிக்கிற வெயில் படுதா கிழிந்துவிட்டது. நான் அவருடைய டிரைவர். எனக்கு வாய் சும்மா இருக்காது. கடையில் கொடுக்க வேண்டாம், நானே மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சத்வா கடைத்தெருவில் தைத்து வாங்கிய புதுத் துணியின் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, படுதா சுருளும் உருளையின் நீளப் பள்ளத்துக்குள் இழுத்து ஏற்றுவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. ஆனால் விரித்துப் பார்த்தால், அப்படி ஒரு நிழல்.

அந்த நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊரில் இருக்கும் மனைவிக்கு வீடியோ கால் போட்டேன்.

"பழைய துணியில ஒரு ஓரம்தான் கிழிசல். முதலாளி என்னை எடுத்துக்கச் சொல்லிட்டாரு. கார்கோவுல போட்டு விடுறேன். நம்ம வாசல்ல கட்டிக்கலாம்."

அவள் போனோடு உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் காட்டினாள். போன வருஷம் அனுப்பிய சரவிளக்கு. அதற்கு முந்தின வருஷம் அனுப்பிய வாட்டர் ஹீட்டர். இரண்டும் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தன.

"ஆள் வச்சு மாட்டியிருக்கலாம்ல?"

"நீங்கதானே யாரும் தொட வேணாம், நானே வந்து மாட்டுறேன்னு சொன்னீங்க."

நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நிழலுக்குள் இழுத்துக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள்.

"துணிய அனுப்புங்க. இன்னும் ஒண்ணு வைக்க இடம் இருக்கு."

லீவுக்கு இன்னும் ஏழு மாதம். படுதாவை மடித்துக் கார்கோ பெட்டியில் போட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், நீங்கள் வந்து மாட்டுவதற்காக எது காத்திருக்கிறது?