மாமியாரை நான் திருத்திய கதை

என் வீட்டுக்காரருக்கு ஷார்ஜாவில் வேலை. தினமும் ஏழு மணி சீரியல் முடிந்ததும் நான் கொல்லையிலிருந்து அழைத்து அன்றைய கதையைச் சொல்வேன். நாலு வருடமாக இதுதான் எங்கள் பேச்சு.

நேற்று அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. கதை இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. கொடுமைக்கார மாமியார் மருமகளின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள் என்று நானே ஒன்றைக் கட்டிவிட்டேன்.

"அப்பாடா, நல்ல காரியம்" என்றார்.

இன்று காலை, அவரோடு ஒரே அறையில் இருப்பவர் லீவில் வந்து பார்சல் தந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: "அண்ணன் டெய்லி அந்த சீரியல போன்ல பாப்பாரு மதினி. முடிஞ்ச ஒடனே ஒங்க போனுக்கு காத்திருப்பாரு."

எனக்கு ஆத்திரம் வந்தது. உடனே அழைத்தேன்.

"எல்லாம் பாத்தாச்சுன்னா, பின்ன எதுக்கு தெனமும் என்னைய சொல்ல வச்சிய?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "நேத்து அவ மருமவள வீட்ட விட்டே எறக்கி விட்டா மக்கா. ஒனக்க கததான் கொள்ளாம், நல்லாருக்கு."

இன்று கரண்ட் இருக்கிறது. ஆனாலும் டிவியைப் போடப் போவதில்லை.

மாமியாரை அடுத்து என்ன செய்யலாம்? ஏழு மணிக்குள் யாராவது சொல்லுங்கள்.