துக்க வீட்டில் தெள்ளு

நான் ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் நாய் பார்த்துக்கொள்ளும் ஆளாக இருந்தேன். துரைக்கு நாலு நாய். குளிப்பாட்ட வேண்டும், சீப்புப் போட வேண்டும், உண்ணி பிடுங்க வேண்டும், தெள்ளுப்பூச்சி வராமல் காக்க வேண்டும். அதுதான் வேலை.

உண்ணி கண்ணுக்குத் தெரியும். பிடித்து இழுத்தால் வந்துவிடும். தெள்ளு அப்படியில்லை. மயிருக்குள் ஓடும். விரல் வைத்த இடத்தில் இருக்காது. பிடித்தாலும் இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்க வேண்டும். இல்லாவிட்டால் துள்ளிப் போய்விடும்.

நாயில் இருப்பது கொஞ்சம். தரையில் இருப்பதுதான் அதிகம். சொன்னால் நம்ப மாட்டார்கள். நாயைக் கழுவிப் பழைய சாக்கிலேயே படுக்க விடுவார்கள். மறு வாரம் அது திரும்பவும் சொறியும். நான் சாக்கைக் கொதிதண்ணியில் போட்டு வெயிலில் காயவைப்பேன். கொட்டிலைக் கூட்டிக் குப்பையை எரிப்பேன். நாய்க்குக் கார்பாலிக் சவுக்காரம். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போட வேண்டும். உடம்பை முதலில் நனைத்தால் எல்லாம் மேலே ஏறிக் காதுக்குள் புகுந்துகொள்ளும்.

பங்களாச் சமையல்காரர் தினமும் கேலி செய்வார்.

"நாய்க்கு சவுக்காரம், நமக்கு அடுப்புச் சாம்பல். அடுத்த பிறவியில துரை வீட்டு நாயாப் பொறக்கணும்டா."

"பொறங்க. நான்தான் குளிப்பாட்டுவேன். காதைத் திருகித்தான் குளிப்பாட்டுவேன்."

ஒரு தடவை துரை சீமைக்குப் போனார். நாய்களை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கொட்டில் பூட்டிக் கிடந்தது. நான் மலையில் முள்ளுக்குத்த, தேயிலைக்கு மண் கிளறப் போனேன். பல மாதம் கழித்து துரை வருகிறார் என்றார்கள். போய்க் கொட்டிலைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு சிலந்திகூட இல்லை. இரண்டு எட்டு வைத்தேன். தரை எழும்பியது. வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முழங்கால் வரைக்கும் கறுத்துவிட்டது. அவ்வளவு காலமும் தெள்ளு தூசிக்குள் கூடு கட்டிக் கிடந்திருக்கிறது. தீனி இல்லை, தண்ணி இல்லை. மேலே ஆள் நடந்த அதிர்வு தெரிந்ததும் எழும்பிவிட்டது. அன்றிலிருந்து, ஆள் நடமாட்டம் இல்லாத அறைக்குள் கால் வைக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

என் அக்காவைக் குண்டசாலைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சானுக்கு ஒரு கொக்கோத் தோட்டத்தில் காவல் வேலை. கொக்கோ ஸ்டோருக்குப் பின்னால் தனி வீடு. உள் அறை ஒன்று, வெளி அறை ஒன்று. மச்சான், அக்கா, மச்சானின் அம்மா. பிள்ளை இல்லை. ஒரு கறுத்த நாய் இருந்தது. காவலுக்குப் போகும்போது மச்சான் கூடவே போகும். திரும்பி வந்தால் அவர் கட்டிலுக்குக் கீழே படுக்கும்.

மச்சான் காய்ச்சலில் போய்விட்டார். எடுத்த அன்று நானும் போய் மண் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன். கொஞ்ச நாளில் லொறிக்காரர் ஒருவர் பங்களா வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா சோறு தண்ணி எடுக்குறதில்லையாம். போய்ப் பாருங்க. புருஷன் வந்து கூப்பிடுறாருன்னு சொல்லுதாம்."

துரையிடம் கேட்டுக்கொண்டு புறப்பட்டேன். குண்டசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஆனால் கொக்கோ மரத்துக்குக் கீழே எப்போதும் சாயங்காலம்தான். எங்கள் மலையில் காற்று இருக்கும். அங்கே காற்று இல்லை. புளித்த கொக்கோ வாடை மட்டும் நிற்கும். காய்கள் கிளையில் தொங்காது, அடிமரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்துக்கு மரம் ஆள் சாய்ந்து நிற்கிற மாதிரி இருந்தது.

வாசலுக்குத் தள்ளி நாய் படுத்திருந்தது. என்னைப் பார்த்து எழும்பியது. வாலை ஆட்டவில்லை. நான் வீட்டுக்குள் போனேன். அது வாசற்படி வரைக்கும் வந்தது. முதுகு மயிர் நிமிர்ந்தது. அதற்கு மேல் வரவில்லை.

அத்தை, அதாவது மச்சானின் அம்மா, வெளி அறையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. இப்பவாவது வந்தீங்களே. உள்ளுக்க இருக்கா. நீங்களாவது சொல்லிப் பாருங்க. தட்டுல வைக்கிறேன், அப்படியே எடுக்குறேன். நாய்தான் தின்னு கொழுக்குது."

எங்கள் ஆட்களில் புருஷன் செத்தால் பெண்சாதி மூலையில் உட்கார வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த மூலைதான். உயிர் போன அறையில் விளக்கு எரியும். விளக்கின் முன்னால் ஒரு செம்பில் தண்ணி இருக்கும். செத்தவர் வந்தால் குடிக்கட்டும் என்று. அது எல்லா வீட்டிலும் உண்டு. அத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டார். காரியம் முடியும்வரை அந்த அறையில் விளக்குமாறு படக்கூடாது, சாணி போட்டு மெழுகக்கூடாது, மகன் நடந்த தடம் அழிந்துவிடும் என்றார். கட்டிலில் விரித்தது விரித்தபடி கிடந்தது. நாயையும் அடித்துத் துரத்தியிருந்தார். துக்க அறைக்குள் நாய் ஆகாது.

நான் உள்ளே போனேன். சன்னல் சாத்தியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அக்கா மூலையில் பாய் மேல் இருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"வந்துட்டியா தம்பி. நல்லவேளை. சொல்லாமப் போயிருவேனோன்னு நெனச்சேன்."

"எங்க போற?"

சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். சிவப்பாகத் தடிப்பு. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, வரிசையாக. கை விரலால் பிடித்து இழுத்த தடம் போலத்தான் இருந்தது.

"அவரு பிடிக்கிறாரு. கண்ணை மூடினா வந்து பிடிக்கிறாரு. இன்னும் கொஞ்ச நாள்தான்."

நான் குனிந்து என் வேட்டியைப் பார்த்தேன். துக்க வீடு என்று வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தேன். வேட்டியின் ஓரம் கறுத்துப் போயிருந்தது. கறுப்பு அசைந்தது. மேலே ஏறியது.

வெளியே வந்து கொல்லையில் வேட்டியை உதறினேன். எனக்கு விளங்கிவிட்டது. நாய் இருந்தவரைக்கும் தெள்ளு நாயைக் கடித்தது. நாயை விரட்டியாகிவிட்டது. கூட்டுவதும் மெழுகுவதும் நின்றுவிட்டது. தூசிக்குள் இருந்ததெல்லாம் பொரித்து எழும்பிவிட்டது. எழும்பினால் அந்த அறையில் இருப்பது அக்கா ஒருத்திதான்.

அதைச் சொல்வதற்கு முன் இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது.

காலையில் அத்தை செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். உடைந்துவிடும் சாமானைக் கொண்டுபோகிற மாதிரி மெதுவாக நடந்தார். வாழை அடியில் ஊற்றப் போனார்.

"அத்தை, கொஞ்சம் காட்டுங்க."

"பார்க்கக் கூடாது தம்பி. அவன் வந்துட்டுப் போன தண்ணி. தினமும் கால் கழுவிட்டுத்தான் போறான். பாருங்க, குழிமண்ணு."

பார்க்கக் கூடாது என்று சொன்னவரே காட்டினார். தண்ணியின் மேல் கறுப்புப் பொடி மிதந்தது. நான் விரலால் ஒன்றை எடுத்து நகத்தில் வைத்தேன். பின்னங்கால் நீட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துத் துள்ளித் தண்ணியில் விழுந்து செத்திருந்தது. கொட்டிலில் நானும் இப்படித்தான் தட்டில் தண்ணி ஊற்றி நடுவில் விளக்கு வைத்துத் தெள்ளுப் பிடிப்பேன்.

"இது தெள்ளு அத்தை."

அத்தை செம்பைக் கீழே வைத்தார்.

"நாய்க்கு சீப்புப் போடுறவருக்கு எல்லாமே தெள்ளாத்தான் தெரியும். என் மகன் வந்துட்டுப் போறான்றேன், தெள்ளாம். எங்க வீட்டுக் காரியத்தை எனக்குச் சொல்லித் தர வந்துட்டீங்களா?"

"கோவிக்காதீங்க. அந்த அறையைக் கூட்டணும். மெழுகணும்."

"காரியம் முடியட்டும்."

"அதுவரைக்கும் அக்கா இருக்க மாட்டா."

அத்தை வெற்றிலைப் பையைத் தேடினார். இடுப்பில்தான் இருந்தது.

நான் அக்காவிடம் போனேன். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கடித்தது. இருந்தேன்.

"அக்கா. உன்னைப் பிடிக்கிறது மச்சான் இல்ல. தெள்ளு."

"தெரியும்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"தெள்ளுன்னு எனக்குத் தெரியாதா? கண்ணு இல்லையா எனக்கு? அவரு நாயில இருந்ததுதானே. அவரு படுத்திருந்தப்ப அவரையும் கடிச்சதுதானே. காய்ச்சல்ல கெடந்தவரு சொறியக்கூட ஏலாமக் கெடந்தாரு. அவரு ரத்தம் இதுக்குள்ளதான் இருக்கு தம்பி. மண்ணுக்குள்ள போனது போக, மிச்சம் இந்த அறையில இருக்கு. அது என்னைத் தேடி வருது. வரட்டும்னு இருக்கேன்."

தன் கையை நீட்டினாள். புறங்கையில் ஒன்று உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்த பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை. பால் குடிக்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

எனக்குப் பேச்சு வராது. பேசிச் சண்டை பிடிக்கவும் தெரியாது. தெரிந்தது நாய் வேலைதான். தோளில் இருந்த துண்டை நனைத்துப் பிழிந்தேன். அவள் பாய்க்குப் பக்கத்தில் தரையில் கறுப்புத் தூசி கிடந்தது. மிளகுத்தூள் மாதிரி இருக்கும். தெள்ளின் எச்சம். தெள்ளு ரத்தத்தைத் தவிர வேறொன்றும் குடிப்பதில்லை. எச்சமும் ரத்தம்தான். ஒரு சிட்டிகை எடுத்து ஈரத் துண்டில் வைத்தேன்.

துண்டு சிவந்தது. மெதுவாகச் சுற்றிப் பரவியது.

அக்கா குனிந்து பார்த்தாள்.

"அவருதா?"

"அவரு கட்டில் அந்தப் பக்கம். இது உன் பாயடியில கெடந்தது. அவரு போன பிறகு இந்த மூலையில யாரு உட்கார்ந்திருக்கா?"

"நான்."

"தெள்ளு ரொம்ப நாள் இருக்காது அக்கா. அவரைக் கடிச்சது செத்துப் போயிருக்கும். இப்ப இருக்கிறது புதுசாப் பொரிச்சது. அதுகளுக்கு அவரைத் தெரியாது. உன்னைக் குடிச்சுத்தான் வளருது."

இது முழுக்க உண்மையா என்று எனக்குத் தெரியாது. கொட்டிலில் பார்த்ததை வைத்துச் சொன்னேன்.

அவள் துண்டைக் கையில் வாங்கினாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், விளக்கு, செம்பு, சாத்திய சன்னல்.

"அப்ப இவ்வளவு நாளும் இங்க நான் மட்டுந்தானா?" என்றாள்.

அவள் அழ ஆரம்பித்தாள். மச்சானை எடுத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அத்தை ஓடி வந்து வாசலில் நின்றார். அக்கா சுவரைப் பிடித்து எழும்பினாள். மூலையை விட்டு நடந்து வெளி அறைக்கு வந்தாள். காரியத்துக்கு முன் மூலையை விட்டு எழும்பக்கூடாது. அத்தை அதைச் சொல்ல வாயைத் திறந்தார். அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"கூட்டுங்க மாமி" என்றாள் அக்கா.

அன்று முழுக்க வேலை. பாயையும் சாக்கையும் கொதிதண்ணியில் முக்கினேன். எரிக்க வேண்டியதை எரித்தேன். தரை முழுக்கச் சின்ன வெடிப்பு. அதில்தான் குஞ்சும் கூடும் இருக்கும். புகையிலை அவித்த தண்ணி ஊற்ற வேண்டும். புகையிலைக்கு எங்கே போவது?

"அத்தை, உங்க போயிலையைக் கொடுங்க."

"என் போயிலையையா? தெள்ளுக்கா? நல்லாக் கேட்டீங்க!"

"நான் கடையில வாங்கித் தாறேன்."

"அந்தக் கடைப் போயிலை ஓலை மாதிரி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் கொடுத்தார். அவித்து, சுண்ணாம்பு கலந்து, வெடிப்பெல்லாம் நிரம்ப ஊற்றினேன். மூலை முடுக்கில் மண்ணெண்ணெய் விட்டேன். காய்ந்த பிறகு அத்தையே சாணி கரைத்து மெழுகினார். கிழமைக்கு ஒரு தரம் இப்படி மெழுகினால் வராது என்றேன். மகன் இருந்தவரைக்கும் மெழுகித்தான் இருந்தோம் என்றார். அது உண்மை.

கட்டிலுக்குக் கீழே கிடந்த தூசியை மட்டும் நான் நனைக்கவில்லை. அங்கேதான் நாய் படுக்கும். அதற்கு மேலேதான் மச்சான் கிடந்தார். அதை நனைத்தால் சிவக்கும். யாருடையது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உலர்ந்தபடியே கூட்டிச் சுளகில் அள்ளினேன். நெருப்புக்குக் கொண்டு போனேன். அத்தை வழியில் வந்து நின்றார்.

"அதை எரிக்காதீங்க தம்பி."

சுளகைக் கொடுத்தேன். கொக்கோ மரங்களுக்குள் கொண்டு போனார். மரங்களுக்கு நடுவில் அவர் வெள்ளைச் சேலை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் வந்தார். சுளகு வெறுமையாக இருந்தது. கையில் மண் இருந்தது.

நாயைப் பிடித்துக் குளிப்பாட்டினேன். கழுத்தில் நுரை போட்டதும் அது என் தோளில் தலையைச் சாய்த்து நின்றது. தண்ணி கறுப்பாகவும் சிவப்பாகவும் ஓடியது. குளித்த பிறகும் அது உள்ளே வரவில்லை. படிவரைக்கும் வந்து, உள் அறையைப் பார்த்து, திரும்பிப் போனது. நான் இரண்டு முறை கூப்பிட்டேன். பிறகு விட்டுவிட்டேன்.

அத்தை கை கழுவிவிட்டு உலை வைத்தார். வெறும் சோறும் பருப்பும். தட்டில் போட்டு அக்கா முன்னால் வைத்தார். முன்னைப் போல வைத்துவிட்டு எழும்பிப் போகவில்லை. எதிரே உட்கார்ந்துகொண்டார்.

அக்கா தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

"எனக்கும் ஒருத்தன்தான் இருந்தான்" என்றார் அத்தை. "இப்ப நீதான் இருக்க. தின்னு."

அக்கா ஒரு வாய் எடுத்தாள். விழுங்கக் கஷ்டப்பட்டாள். இன்னொரு வாய் எடுத்தாள். நடுவில் சேலையை விலக்கிக் கணுக்காலைப் பார்த்தாள். பழைய தடிப்புதான் இருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சேலையை இழுத்து மூடிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.