சிவப்பு மையில் ஒரு 'அவள்'

லயத்து வரிசையில் எனக்கு அடுத்த காம்பரா வீட்டு வெள்ளையம்மாவுக்குப் புருஷன் மேல் சந்தேகம் வந்தது 1998இல், ஒரு சட்டையால்தான். எங்கள் தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்த்த நல்லையா, இங்கிலீஷ் தெரிந்தால் அங்கேயே ஸ்டோரில் நல்ல வேலை கிடைக்கும் என்று எஹலியகொடை டவுனில் சனிக்கிழமை ஆங்கில வகுப்புக்குப் போகத் தொடங்கினார். கல்யாணத்துக்குக்கூட சட்டைக்கு ஸ்திரி போடாத மனுஷன், வகுப்புக்குப் போட்டார். படிப்பிப்பது பாஹிமா டீச்சர், பார்க்க லட்சணமான பிள்ளை என்று யாரோ கொளுத்திப் போட்டுவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான்.

அன்றிலிருந்து வெள்ளையம்மாவுக்கு வயிறு எரிந்தது. ரப்பர் பால் வெட்டும் மலையிலும் அதே பேச்சு.

ஒருநாள் நல்லையாவின் வகுப்புக் கொப்பியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். முதல் பக்கத்தில் தமிழில் அர்த்தம் போட்டிருந்தது. ஐ என்றால் நான், ஷி என்றால் அவள், இட் என்றால் அது, தே என்றால் அவர்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவள், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஒரு பக்கம் முழுக்க நல்லையாவின் நீல எழுத்துக்கு மேல் சிவப்பு மையில் 'ஷி', 'ஷி' என்று டீச்சரின் கை.

"எம் புருசன் கொப்பியில அந்த டீச்சருக்கு என்னடி எழுத்து? யாரு இந்த 'அவ'?"

சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். எங்களைக் கண்டதும் முன் வாங்கில் இருந்த நல்லையா தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளையம்மா கொப்பியை டீச்சரின் மேசையில் போட்டு அதையே கேட்டாள்.

டீச்சர் கோபப்படவில்லை.

"நீங்கதான் வெள்ளையம்மாவா? 'என் மனைவி'ண்டு எழுதச் சொன்னேன். இவர் எழுதீக்கிறதக் கேளுங்க. 'அது பால் வெட்டும். அது சோறாக்கும். அது நல்லது.' ஆடு மாட்டுக்குத்தான் இட். மனிசிக்கு ஷி. அதத்தான் திருத்தினேன்."

"வீட்டுல சொல்றாப்புலதானுங்க எழுதுனேன்" என்றார் நல்லையா.

பொய் இல்லை. எங்கள் லயத்து ஆம்பிளைகள் எல்லோருக்கும் பெண்டாட்டி 'அது'தான். ஆனால் அடுத்த பக்கத்தில் 'என் டீச்சர்' என்று இன்னும் திருத்தாத ஒரு கட்டுரை. அதில் இட் இல்லை. ஒரே ஆளுக்கு மரியாதையாகத் 'தே', அவங்க. வெள்ளையம்மா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது, "டீச்சர் மேல எரிச்சல் போயிருச்சா?" என்று கேட்டேன்.

"கூடிருச்சு. பதினாலு வருசமா நான் ஆக்குன சோத்தத் தின்னவருக்கு நான் அது. எவளோ ஒருத்தி வந்து என்னைய அவளாக்க வேண்டியிருக்கு."

மறுநாள் காலை கங்காணி லயத்து வாசலில் நின்று, "நல்லையா இல்லையா?" என்று குரல் கொடுத்தார். வாசல்களில் எல்லாரும் இருந்தார்கள். வெள்ளையம்மா அடுப்படியிலிருந்து எழும்பவில்லை.

"அது பீலிக்குத் தண்ணி எடுக்கப் போயிருக்குங்க."

கங்காணிக்கு விளங்கவில்லை. "எது?"

வாளித் தண்ணீரோடு படியேறி வந்த நல்லையா அப்படியே நின்றுவிட்டார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அந்தா, வந்திருச்சு."