பெயின்ட் இல்லாத இறக்கை

அருள் அண்ணே, உன்னைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் சிரிக்காதே.

என் அண்ணன் அருள்ராஜ் இலங்கை மலைநாட்டில், பசறை டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை செய்தான். வயது இருபத்தாறு. ஓய்வு நேரமெல்லாம் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுவான். முன்பு எல்ல என்கிற சுற்றுலா ஊரில் ஒரு விடுதியில் வேலை செய்தபோது, மழையில் அடைபட்டுக் கிடந்த வெள்ளைக்காரர் ஒருவர் பாதி ஒட்டிய பெட்டியை விட்டுப் போனார். அதில் பிடித்த பைத்தியம். எல்லாம் ஜெர்மன் சண்டை விமானங்கள், உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில் செய்தவை. நிஜ விமானத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு.

அவன் "மெஸ்ஸர்ஷ்மிட்" என்று விமானத்தின் பெயரைச் சொல்வான். அது அம்மா காதில் "மெசர் சுமித்" என்று விழும்.

"யாருடா அந்த சுமித்? கடையில வேல செய்யிற சிங்களப் பையனா? ஒரு நாளைக்கு சோத்துக்குக் கூட்டிட்டு வா."

"அவனுக்கு இன்னும் காலு ஒட்டலம்மா. ஒட்டுனதும் வருவான்."

எனக்குக் கேட்க வேண்டியிருந்தது. "ஏண்ணே, வேற ப்ளேனே இல்லியா? இவனுங்க கெட்டவனுங்கதானே?"

"கெட்டவனுங்கதான். அதான் வாலுல அந்த ஹிட்லர் சின்னத்த ஒட்ட மாட்டேன். ஆனா பாரு பாப்பா, தோக்கப் போறம்னு தெரிஞ்சும் செஞ்சுக்கிட்டே இருந்திருக்கானுங்க. பெயின்ட் பத்தாம ரெக்கைக்கு அடியில வெறும் அலுமினியமா விட்டு அனுப்பிருக்கானுங்க. எப்படித்தான் அதுல ஏறிப் போனானுங்களோ."

இந்த விஷயம் எனக்குத் தெரிந்திருந்ததுதான் எங்களைக் கெடுத்தது.

ஒருநாள் ஜன்னலோரம் ஒரு விமானம் மல்லாக்கக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு இறக்கையில் சாம்பல் பெயின்ட். மற்றதில் ஒன்றுமில்லை. கடைசிக் காலத்து விமானம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த விமானமும் அப்படியே. அந்த நாட்களில் தட்டில் இடது பக்கச் சோறு மீதி வைத்தான். இடது தோளைக் கதவுநிலையில் இடித்துக்கொண்டான். "கண்ண எங்கடா வச்சிருக்க?" என்று அம்மா திட்டினாள். இப்படி மூன்று வாரம் போனது.

பிறகு இடது பக்கமாக வந்த த்ரீவீல் ஆட்டோ ஒன்றில் மோதிக் கையில் அடிபட்டான். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார்.

"எல்லாம் அந்த சுமித்தாலதாங்க ஐயா," என்றாள் அம்மா. "ராத்திரி பகலா அவனோடயே கெடந்தான்."

டாக்டரின் பேனா நின்றது. அவர் சிங்களவர், தமிழ் தட்டுத்தடுமாறி வரும். "சுமித் அடிச்சதா?"

அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் வெட்கத்தோடு என் போனில் இருந்த விமானப் படத்தைக் காட்டி, இதுதான் ஐயா சுமித் என்றேன். டாக்டரும் சிரித்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

"இந்தப் பக்கம் ஏன் பெயின்ட் இல்ல?"

எனக்குத் தெரிந்ததை எல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே அண்ணன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க ரெண்டு ரெக்கைக்கும் பெயின்ட் அடிச்சதா?"

"ஆமா டாக்டர். ரெண்டுக்கும் அடிச்சேன்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பொய் சொல்லவில்லை.

அன்றே ஸ்கேன் (தலைக்குள்ளே படம் எடுப்பது) எடுத்தார்கள். கண்ணில் குறையில்லை. மூளையின் வலது பாகத்தில் கட்டி இருந்ததால், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாமல் போயிருந்தது. கட்டி மூன்றரை சென்டிமீட்டர். அண்ணன் விரலால் கணக்குப் போட்டான்.

"நாப்பத்தெட்டால பெருக்கிப் பாரு பாப்பா. சரியா ஒரு ஆளு ஒசரம். பைலட் ஏறி உக்காந்துட்டான்."

அம்மா அழுதாள். எனக்குச் சிரிப்பும் வந்தது.

ஆபரேஷனில் கட்டி முழுவதும் வரவில்லை. எடுத்த துண்டைச் சோதித்து கிளையோமா (மூளையின் உள்ளேயே உண்டாகிற புற்று) என்றார்கள். பிறகு கதிர் சிகிச்சை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இதைக் "கரண்ட் புடிக்கிறது" என்பார்கள். தலை அசையாமல் இருக்க, ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீரில் இளக்கி முகத்தில் போட்டு அச்சு எடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பயந்து வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். அண்ணன் அந்த வேலை செய்கிறவரிடம் தண்ணீர் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடத்தில் இறுகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த முகமூடி போட்டால் பயப்பட வேண்டாம். சூடு குறைவுதான், மூச்சு விடலாம் என்று அவன் சொன்னான்.

எட்டு மாதம் நன்றாக இருந்தான். தலையைத் திருப்பித் திருப்பி இடது பக்கத்தைத் தேடிப் பழகினான். ஒரு விமானத்தின் இரண்டு இறக்கைக்கும் பெயின்ட் அடித்து, என்னிடம் தந்து சரி பார்க்கச் சொன்னான். சரியாக இருந்தது.

பிறகு கட்டி திரும்ப வந்தது. கடைசி நாட்களில் நான் கட்டிலின் இடது பக்கம் உட்கார்ந்தால் என்னைத் தேடுவான். "வலது பக்கம் வா பாப்பா. அங்க இருந்தா நீ இல்ல." ஒரு மத்தியான நேரத்தில், அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டான். நான் வலது பக்கம்தான் இருந்தேன்.

நாங்கள் கவனிக்காமல் விட்ட அந்த மூன்று வாரத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். என்னைச் சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு, "நங்கி, இந்தக் கட்டிக்கு அது பெரிய வித்தியாசம் செய்யாது," என்றார். நம்புகிறேன். ஆனாலும் அவன் போய் ஒரு வருஷம் எப்படியோ ஓடிவிட்டது, அந்த மூன்று வாரம் மட்டும் எனக்கு நகரவே மாட்டேன் என்கிறது. கொழுந்து பறிக்கும்போது சில நேரம் என் இடது கையை நின்று பார்க்கிறேன். அது தானாகவே வேலை செய்கிறது. இத்தனை காலம் அது இருப்பதை நான் கவனித்ததே இல்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் ஒரே பக்கமாக இடித்துக்கொண்டால், ஒரே பக்கமாகச் சோறு மீதி வைத்தால், காரணம் தெரியும் என்று நினைக்காதீர்கள். அவரிடமே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அவன் பெயர் அருள்ராஜ். நாங்கள் வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்கள்). நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பரவாயில்லை. இப்போது அவன் இருக்கிற இடத்தில் அவனுக்கு இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்று எல்லாரும் ஒரு தடவை ஜெபம் பண்ணுங்கள்.